அவையல் கிளவியும் இல்லத்துச் சிறாரும்

சொற்களை அவைக்கு ஏற்றன, ஏலாதன எனப் பகுத்துக் காண்டல் தமிழிலக்கணத்திற்குப் பழைய வழக்கமாகும். தொல்காப்பியர் சொல்லதிகாரத்து எச்சவியலில், அவையல் கிளவியை மறைத்துக் கூறுக என விதித்தார். பிற்காலத்துப் பவணந்தியார் அதனை இடக்கரடக்கல் என்னும் பெயரால் தகுதி வழக்கு மூன்றனுள் ஒன்றாக்கி, மங்கலம், குழூஉக்குறி என்னும் இரண்டனையும் அதனொடு சேர்த்து எண்ணினார். இவ்விதிகளைப் பயிலும் மாணவர் எடுத்துக்காட்டுகளை மனனம் செய்து அமைகின்றனர். ஆசிரியரும் அவ்விடத்தைச் சற்று விரைந்தே கடக்கின்றனர். வகுப்பறையும் ஓர் அவையன்றோ!

தொல்காப்பியர் இச்சொற்களுக்கு இட்ட பெயர் ஆராயத்தக்கது. இழிசொல் என்றோ தீச்சொல் என்றோ அவர் பெயரிட்டிலர். அவைக்கு ஆகாத சொல் என்றே குறித்தார். இதனால் இழிவு சொல்லின் ஒலியிலோ அது சுட்டும் பொருளிலோ கிடப்பதன்று, கேட்போர் கூட்டத்தை நோக்கியே அது பிறக்கின்றது என்பது பெறப்படும். உழவனும் மருத்துவனும் தம் தொழிலிடத்து வெளிப்படக் கூறும் பொருளையே அவையிற் புகுந்தவன் மறைத்துக் கூறுகின்றான். பொருள் ஒன்றே, கேட்பவர் வேறு. இக்கருத்தை வலியுறுத்துவது அடுத்துவரும் நூற்பா. நெடுங்காலம் வழங்கி மருவிப்போன சொற்களை மறைக்க வேண்டுவதில்லை என்று அது விலக்களிக்கின்றது. உரையாசிரியர்கள் அதற்கு விலங்குகளின் கழிவைக் குறிக்கும் ஆப்பி, இலண்டம், பிழுக்கை முதலியவற்றைக் காட்டுவர். கேட்டுக் கேட்டுப் பழகிய செவிக்கு அச்சொல் உறுத்துவதில்லை என்பதே அவ்விலக்கின் காரணம். ஆகவே விதியும் விலக்கும் இரண்டும் செவியையே அளவுகோலாகக் கொண்டன.

இனி, யாருடைய செவி என்னும் வினா எழுகின்றது. இலக்கண நூலார் கருதிய அவை கற்றோர் நிறைந்த அவை. வழக்கு என்பது உயர்ந்தோரிடத்தது என மரபியல் வரையறுத்தமையின் வேறு அவையை அவர் எண்ணியிருத்தல் அரிது. ஆயின் நாள்தோறும் மிகுதியான சொல் பயிலும் இடம் அவ்வவை அன்று, இல்லம். அவ்வில்லத்தில் பெற்றோர் ஒருவரையொருவர் வைதுகொள்ளும்போதும், கடன்காரனையும் அண்டை வீட்டாரையும் மாட்டையும் வைதுகொள்ளும்போதும், அடுப்பங்கரையிலும் திண்ணையிலும் வாய் திறவாது இருந்து கேட்கும் சிறாரின் செவியை எந்த இலக்கணமும் அவையாக எண்ணியதாகத் தெரியவில்லை. இக்கட்டுரை அவ்விடைவெளியை இலக்கியத்தின் வாயிலாகக் காண முயல்கின்றது.

அறநூலுள் இதற்கு விடை தேடுவோர் திருக்குறளின் ஏழாம் அதிகாரமாகிய மக்கட்பேற்றிற்குச் செல்வது இயல்பு. அவ்வதிகாரம் முழுதும் செவியும் சொல்லுமாக நிறைந்திருப்பதைப் பலர் நோக்கியிலர். மக்களின் சொல் கேட்டல் பெற்றோர் செவிக்கு இன்பம் என்பது 65 ஆம் குறட் பொருள். மழலையைக் கேளாதவர்க்கே குழலும் யாழும் இனியன என்பது 66. மகனைச் சான்றோன் எனப் பிறர் சொல்லக் கேட்கும் தாயின் உவகை 69. இத்தகு மகனைப் பெற என்ன தவம் செய்தானோ எனத் தந்தையைப் பற்றிப் பிறர் சொல்லும் சொல் 70. நான்கிடத்தும் சொல் வருகின்றது. கேட்பவர் பெற்றோர், அல்லது அவரைச் சுட்டிப் பேசுபவர் ஊரார். மகனின் செவியில் விழும் பெற்றோர் சொல் யாண்டும் பேசப்படவில்லை. இனியவை கூறல் இல்லறவியலுள் வைக்கப்பட்டிருப்பது உண்மையே. ஆயினும் அவ்வதிகாரத்து இன்சொல் விருந்தினரையும் வறியவரையும் நோக்கி விரிகின்ற அளவிற்கு வீட்டுச் சிறாரை நோக்கி விரியவில்லை. கடுஞ்சொல்லின் கேடு வெளிப்படப் பேசப்படுவதோ பொருட்பாலில், அரசனுக்குரிய வெருவந்த செய்யாமையில். குடிகளின் செவியில் விழும் அரசனின் கடுஞ்சொல்லை எண்ணிய நூல், மகன் செவியில் விழும் தந்தையின் கடுஞ்சொல்லைத் தனித்து எடுத்திலது. இதனைக் குறை என்று கூறுதல் எம் கருத்தன்று. எனினும் 67 ஆம் குறளில், தந்தை மகனுக்குச் செய்யும் உதவி அவனை அவையில் முந்தியிருக்கச் செய்வது என்று கூறப்பட்டமை காண்க. அவையில் முந்துவதற்குரிய மொழியை மகன் எங்கே கற்பான்? குருகுலத்திற் கற்பான் என்பது பாதி விடையே. ஆசிரியனிடம் செல்லும் முன்னரே அவன் நாவிற்குச் சொல் ஏறிவிடுகின்றது. பிள்ளைத்தமிழின் செங்கீரைப் பருவம் குழந்தையின் ஐந்தாம் திங்களுக்கு உரியது. அப்பெயரில் வரும் கீர் என்பதற்குச் சொல் என்று பொருள் கொண்டு, மழலை ஒலி எழும் பருவம் அது என விளக்குவாரும் உளர்.

செவியின் நோவைத் தமிழ்க் காப்பியம் அறியாததன்று. சிலப்பதிகாரத்து நாடுகாண் காதையில் கவுந்தியடிகள் கோவலனையும் கண்ணகியையும் தம் மக்கள் என்று கூறுகின்றார். வழியில் எதிர்ப்பட்ட பரத்தையும் அவளுடன் வந்த வீணனும் அச்சொல்லைப் பிடித்துக்கொண்டு, ஒரு வயிற்றில் பிறந்தார் கணவனும் மனைவியுமாவரோ என்று எள்ளுகின்றனர். கண்ணகி செவி பொத்தி நடுங்குகின்றாள். அடிகள் அவ்விருவரையும் நரிகளாகுமாறு சபிக்கின்றார். பின்னர் இரங்கிப் பன்னிரு திங்களில் சாபம் நீங்கும் என எல்லை வகுக்கின்றார். இக்காட்சியில் எள்ளியவர் கூறிய தொடரில் அவையல் கிளவி ஒன்றேனும் இல்லை. சொற்கள் யாவும் தூயன, உறவுமுறைச் சொற்கள். ஆயினும் செவி பொத்தத் தக்கதாயிற்று. இளங்கோவடிகள் சொல்லின் இழிவை அகராதியில் தேடாமல் கேட்பவளின் நடுக்கத்தில் காட்டினார் என்க. கண்ணகி மணமான பெண். செவியைப் பொத்தினாள், காக்க அடிகள் அருகிருந்தார். செவி பொத்தவும் அறியாத பருவத்தார்க்கு அக்காவலும் இல்லை. வைபவரே அவரைக் காக்க வேண்டியவராக இருக்கின்றனர்.

தமிழர் இல்லத்து ஏச்சு ஒருதன்மைத்தன்று. உறுப்பையும் புணர்ச்சியையும் சுட்டும் வசவு ஒருபுறம். இறப்பையும் நோயையும் வேண்டும் சாவு மொழி ஒருபுறம். பின்னதைத் தாயர் பலர் ஏச்சாகவே கருதுவதில்லை. மங்கலம் என்னும் தகுதி வழக்கை இங்கு நினைத்தல் வேண்டும். செத்தார் என்னாது துஞ்சினார் என்றும், சுடுகாட்டை நன்காடு என்றும், கரிய ஆட்டை வெள்ளாடு என்றும் வழங்குதலை இலக்கண உரைகள் காட்டும். இன்றும் விளக்கை அணை என்று கூற அஞ்சி மலையேற்று என்று கூறும் இல்லங்கள் உண்டு. அதே இல்லத்தில், அதே நாவால், பால் கொட்டிய பிள்ளையைக் கட்டையிலே போக என்றும் பேதியிலே போக என்றும் வைகின்றனர். விளக்குக்குக் காட்டும் மங்கலத்தைப் பிள்ளைக்குக் காட்டாத இம்முரண்பாடு வியப்பளிப்பது. இதற்கு ஒரு விளக்கம் இல்லாமலில்லை. முன்பிறந்த மகவுகள் இறந்தால் பின்பிறந்த மகவைக் குப்பையிற் புரட்டி எடுத்துக் குப்பன், குப்பச்சி என்றும், பிச்சை என்றும், மண்ணாங்கட்டி என்றும் பெயரிட்டழைத்தல் பழவழக்கு. இழிந்த பெயர் உடைய பிள்ளையைக் கூற்றம் விரும்பாது என்பது நம்பிக்கை. அவ்வகையில் தாயின் இழிமொழி ஒரு காப்புமொழி. மகவைப் பறிகொடுத்தவளின் அச்சம் அதனுள் ஒளிந்திருக்கின்றது. அதனை நகையாடுதல் ஆராய்ச்சியாளர்க்கு அழகன்று. சிறாரும் தம் அளவில் ஒரு கவசம் செய்துகொண்டனர். திட்டினால் திண்டுக்கல்லாவோம், வைதால் வைரக்கல்லாவோம் என்னும் கருத்தமைந்த எதிர்மொழியைத் தமிழ்நாட்டுச் சிறார் நெடுங்காலமாக வழங்கி வருகின்றனர். கல்லாகிவிடுதலையே அம்மொழி வேண்டுகின்றது என்பது கருதற்பாலது.

இனிச் சங்க நூலுக்கு வருவோம். மருதன் இளநாகனார் பாடிய மருதக்கலியுள் மகனை இடையே வைத்து நிகழும் ஊடற் பாட்டுகள் சில தொடர்ந்து நிற்கின்றன. பரத்தையிற் பிரிந்த தலைவன் மீது தலைவிக்கு எழுந்த சினம் நேரே அவன்மேற் செல்லாமல் மகன் வழியே செல்லுகின்றது. 86 ஆம் பாட்டில் அவள் மகனை நோக்கிப் பேசுகின்றாள். ஈகை முதலிய சிறப்புகளில் தந்தையை ஒத்திரு, ஆனால் மகளிர் நோயுற அவர்களை நோக்கும் இயல்பில் அவனை ஒவ்வாதே என்பது அவள் பேச்சின் பொருள். தலைவன் மறைந்து நின்று அதனைக் கேட்கின்றான். இறுதியில் சிறுவன், மலைமேல் தாவும் அரிமாவைப் போல, தந்தையின் மார்பிற் பாய்கின்றான். பாய்ந்த மகனையும் அவள் அறமும் அன்பும் இல்லாதவன் பெற்ற மகன் என்றே குறிக்கின்றாள்.

இப்பாட்டைப் போற்றும் உரையாளரும் திறனாய்வாளரும் ஊடலின் நயத்தையும் உவமையின் செறிவையும் எடுத்துரைப்பர். அவை உண்மையே. ஆனால் மகனின் நிலையிலிருந்து நோக்குவார்க்கு வேறொன்று புலனாகும். தாய் கூறிய சொற்களில் மறைக்கத்தக்கது ஒன்றும் இல்லை. கற்றோர் அவையில் ஓதத்தக்க நடை. ஆயினும் தந்தையின் ஒழுக்கக் குறை மகனிடம் கூறப்பட்டது. முடிவில் அக்குறையாலேயே மகன் அடையாளப்படுத்தப்பட்டான். தொல்காப்பியச் செய்யுளியல் அங்கதத்தைச் செம்பொருள் என்றும் பழிகரப்பு என்றும் இரண்டாக்கும். வெளிப்பட வைதல் ஒன்று, பழியைக் கரந்து வைதல் ஒன்று. மருதக்கலித் தலைவியின் சொல் அவ்விரண்டிற்கும் இடையே நிற்பது. நுட்பமான ஏச்சு ஏச்சன்று எனக் கொள்ளுதல் பிழை என்பதற்கு இப்பாட்டே சான்று. செல்வர் மனையில் சொல் தூயதாயிருத்தல் அம்மனையின் சிறார் காயமின்றி வளர்ந்தனர் என்பதற்கு உறுதியாகாது. சிறுவன் தந்தை மார்பிற் பாய்ந்தது அவன் சொற்பொருள் அறியாப் பருவத்தன் என்பதனால் என்று அமைதி கூறலாம். அறிந்திருந்தும் பாய்ந்தானாயின் பாட்டின் பொருள் இன்னும் ஆழமாகும். புலவர் அதனைத் திறந்து கூறாமல் விட்டது அவர்தம் பேராற்றல்.

இக்காலப் புதினங்களின் மீது நிகழ்ந்த விவாதம் இதற்கு நேர் எதிரான முனையில் தொடங்கியது. வட்டார வழக்கும் ஒடுக்கப்பட்டோர் வாழ்வும் புதினத்துள் புகுந்தபோது வசைச்சொற்களும் உடன் புகுந்தன. அவற்றை அச்சிடல் தகாது என்றனர் ஒரு சாரார். வாழ்க்கையை உள்ளவாறு கூற அவை வேண்டும் என்றனர் மற்றொரு சாரார். பெருமாள் முருகன் ‘கெட்ட வார்த்தை பேசுவோம்’ என்று ஒரு நூலே எழுதினார். கி. ராஜநாராயணன் தாம் தொகுத்த பாலியல் நாட்டார் கதைகளுக்கு ‘வயது வந்தவர்களுக்கு மட்டும்’ எனத் தலைப்பிட்டார். அத்தலைப்பு அவையல் கிளவி பற்றிய பழைய கொள்கையின் வழி நிற்பதை அவரை மறுத்தோரும் உணர்ந்ததாகத் தெரியவில்லை. சொல்லை அவர் விலக்கவில்லை, அவையை வரையறுத்தார். ஏனைய விவாதங்கள் பெரும்பாலும் சொல்லைப் பற்றியனவாகவோ சொல்பவனைப் பற்றியனவாகவோ அமைந்தன. கதைக்குள்ளேயே நின்று கேட்கும் சிறாரைப் பற்றிப் பேசியன மிகச் சில.

முதற்கண் கொச்சையும் வசையும் வேறென்பதைத் தெளிதல் வேண்டும். பூமணியின் ‘வெக்கை’ (1982) கரிசல் வழக்கில் இயன்றது. கொலை செய்துவிட்ட சிறுவனும் அவன் தந்தையும் காட்டிலும் மலையிலும் மறைந்து திரியும் நாட்களே கதை. பேச்சு முழுதும் கொச்சை. கொலைப்பழி தலைமேல் நிற்கும்போதும், தந்தை மகனை அவமதிக்கும் சொல்லால் பணிய வைப்பதில்லை. கிழங்கு தோண்டுதலும் நீர் தேடுதலும் படுக்க இடம் ஒழுங்கு செய்தலுமாக அவர்கள் உரையாடல் செல்கின்றது. இலக்கணம் வழுவிய மொழியில் இத்துணைப் பெருமிதம் இயலும் என்பதை, மொழித்தூய்மையையே நல்லொழுக்கமாக மயங்குவோர் கற்றல் நன்று.

பாமாவின் ‘சங்கதி’ (1994) வேறொரு சிக்கலை முன்வைக்கின்றது. கணவன் அடித்து இழுக்கும்போது ராக்கம்மா என்னும் பெண் தெருவினர் கேட்க வெளிப்படையான வசைகளைப் பொழிகின்றாள். கதை கூறுபவள் முதலில் அருவருக்கின்றாள். பின்னர், அவ்வாறு கூவியிராவிடின் அடி நின்றிராது என்னும் தெளிவிற்கு வருகின்றாள். கையில் வேறு கருவி இல்லாதவளுக்கு நாவே கருவியாயிற்று. இவ்விடத்தில் அவையல் கிளவியின் விதி தலைகீழாகின்றது. அவையைக் கூட்டுவதற்காகவே அவள் அவைக்கு ஆகாத சொல்லைச் சொல்லுகின்றாள். சொல் மறைந்திருப்பின் அடியும் மறைந்தே நடக்கும். இவளை நோக்கிச் சிறார் முன் இவ்வாறு பேசலாமா என்று வினவுவோர், சிறார் முன் அவளை அடிக்கலாமா என்று முன்னரே வினவியிருத்தல் வேண்டும். மருதக்கலித் தலைவியின் தூய சொல்லையும் ராக்கம்மாளின் இழிசொல்லையும் ஒருங்கு வைத்து நோக்கின், சிறார்க்கு மிகுந்த சுமையைத் தருவது முன்னதே என்று துணியலாம். பின்னது யாரை நோக்கி, எதன்பொருட்டு எறியப்பட்டது என்பதைச் சிறுமியும் அறிவாள். அவளையே அஃது அம்பாக்கவில்லை.

ஆயினும் எளியோரின் வசவு அனைத்தும் இவ்வாறு காவலாக அமையும் என்று கூறிவிடல் மிகை. இவ்வாறு கூறுவாரும் நம்மிடையே மிகுந்துவிட்டனர். பெருமாள் முருகனின் ‘கூளமாதாரி’ (2000) அவர்க்கு மறுமொழியாகும். பண்ணையத்தில் விடப்பட்டு ஆடு மேய்க்கும் சிறாரின் கதை அது. கூளையன், நெடும்பன், மொண்டி, வவுறி, செவுடி என்பன அவர்கள் அழைக்கப்படும் பெயர்கள். குள்ளம், நெட்டை, நொண்டி, பெருவயிறு, செவிடு என உடலைச் சுட்டி எழுந்த ஏச்சுகளே பெயர்களாயின. இவற்றை இட்டவர் பெற்றோரோ பண்ணையாரோ என்று பிரித்தறிய இயலாதவாறு அவை சிறாரோடு ஒட்டிவிட்டன. குப்பன் என்னும் பெயருக்கு நாம் மேலே கண்ட காப்புப் பொருள் இவற்றிற்கு இல்லை. இச்சிறார் ஆடுகளை ஏசுகின்றனர், ஒருவரையொருவர் ஏசிக்கொள்கின்றனர். அவ்வேச்சில் நட்பும் உண்டு, விளையாட்டும் உண்டு, கேட்பார்க்கு நகையும் உண்டு. ஆனால் அம்மொழி மேலிருந்து இறங்கிய மொழி. பண்ணையார் மாதாரியை வைத சொல், மாதாரி மகனை வைத சொல்லாகி, மகன் ஆட்டை வைத சொல்லாக முடிகின்றது. ஆட்டுக்குக் கீழே வைதற்கு யாரும் இல்லை. ஆசிரியர் இதனைத் தம் கூற்றாக எங்கும் விளக்காமல் உரையாடலாலேயே நிறுவியிருப்பதால் இப்புதினம் இத்துறையில் சிறந்து நிற்கின்றது என்பது எம் துணிபு. 

அன்பு உண்டாயின் ஏச்சு உறைக்காது என்பது பொதுமக்கள் கூற்று. நாட்டுப்புறவியலார் சிலர்க்கும் அஃது உடன்பாடு. இதற்கு உளவியல் ஆய்வு ஒன்றைக் குறிப்பிடுதல் தகும். பிட்சுபர்க்குப் பல்கலைக்கழகத்து மிங் தே வாங், மிச்சிகன் பல்கலைக்கழகத்து சாரா கென்னி ஆகிய இருவரும் 2014 இல் வெளியிட்ட ஆய்வு அது. பதின்மூன்று அகவையளவில் பெற்றோரின் கூச்சலுக்கும் வசவுக்கும் இழித்துரைத்தலுக்கும் ஆளான சிறார்க்கு, அடுத்த ஆண்டில் ஒழுக்கச் சிக்கல்களும் மனச்சோர்வுக் குறிகளும் மிகுதல் கண்டனர். பெற்றோரிடம் உள்ள அன்பு இவ்விளைவைக் குறைக்கவில்லை என்பது அவர்தம் முடிபுகளுள் ஒன்று. அமெரிக்கக் குடும்பங்களைப் பற்றிய ஆய்வை அப்படியே தமிழ்க் குடும்பங்களுக்குப் பொருத்துதல் முறையன்று. அன்றியும் அது சிறாரை நோக்கிய ஏச்சைப் பற்றியதேயன்றி அவர் முன்னிலையில் பிறரை ஏசுதலைப் பற்றியதன்று. எனினும் அன்பின் பெயரால் இவ்வினாவை மூடிவிட இயலாது என்பதற்கு அது போதும்.

எஞ்சியிருப்பது தொல்காப்பியர் தந்த விலக்கு. மருவிய சொல்லை மறைக்க வேண்டா என்றார். ஒவ்வொரு வீடும் தனக்கெனச் சில வசவுகளை மருவச் செய்துகொள்கின்றது. தந்தை மாட்டைத் தெளிக்கும்போதும், தாய் கைதவறி நீர்க்குடத்தைச் சாய்க்கும்போதும் இயல்பாக வரும் சொல் அவ்வீட்டார் செவிக்கு உப்புப்போலும் நீர்போலும் ஆகிவிடுகின்றது. அதன் பொருளை யாரும் எண்ணுவதில்லை. சிறுவனுக்கோ அது பொருளே இல்லாத சொல். கல் தடுக்கினால் சொல்லும் சொல் என்று மட்டுமே அவன் கற்றிருக்கின்றான். ஐந்தாம் அகவையில் பள்ளிக்குச் செல்லுகின்றான். அங்கே கல் தடுக்குகின்றது, சொல்லும் வருகின்றது. அவ்வவையில் அச்சொல் மருவவில்லை. உடன் பயிலும் சிறார் வாய்பொத்தி நகைக்க, இதனை எங்கே கற்றாய் என்று ஆசிரியர் வினவுகின்றார். வீட்டைக் காட்டிக்கொடுக்கவும் இயலாமல், தான் செய்த பிழை இன்னதென்று அறியவும் இயலாமல், சிறுவன் அங்கே நிற்கின்றான்.